குழிக்குப் பக்கத்தில் நடுங்கிய கை

நீங்கள் கோல்ஃப் மைதானத்தில், புல்லில் நின்று பை தூக்குகிறவர்கள். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல், அதன் மேல் பனி, பார்க்கவே ஜம்மென்று இருக்கும். நான் இந்த வேலையைக் கற்ற இடத்தில் குழியைச் சுற்றி மணல்தான். கடற்கரை மணலைச் சலித்து, மோட்டார் படகுகளில் வடித்தெடுத்த பழைய என்ஜின் ஆயிலை ஊற்றிப் பிசைந்து, வட்டமாகப் பரப்பி வைத்திருப்போம். ஆயில் இல்லாவிட்டால் காற்றில் பறந்துவிடும். பழுப்பாக இருப்பதால் அதற்குப் பெயர் பிரவுன். யார் நடந்தாலும் தடம் விழும். ஒரு கோஷ்டி ஆடி முடித்ததும் கனமான சாக்கை இழுத்து அதைச் சமப்படுத்த வேண்டும்.

இடம் அந்தமான், போர்ட் பிளேயர். அறுபதுகளின் நடுப்பகுதி. அந்த ஊரின் டாலிகஞ்ச் பகுதியில் எங்கள் வீடு. அங்கிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில், கடலைப் பார்த்த ஒரு சரிவில், ஆறே ஆறு குழிகளை வெட்டி வைத்துக்கொண்டு ஆபீஸர்களும் கான்ட்ராக்டர்களும் ஆடினார்கள். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மெயின்லேண்டிலிருந்து வேலை தேடி வந்த அப்பாவோடு கப்பலேறினவன். பை தூக்கினேன், சாக்கு இழுத்தேன், பிறகு அங்கேயே மார்க்கர் ஆனேன். கூட ஆட ஆள் இல்லாத மெம்பரோடு ஆடிக் கொடுப்பது, புதிதாக வருகிறவருக்கு மட்டை பிடிக்கச் சொல்லித் தருவது, இதுதான் அங்கே மார்க்கர் வேலை.

மட்டை பிடிப்பது எப்படி, கால் வைப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித் தர ஆள் இருக்கிறது. நான் அதைத் தொடப் போவதில்லை. ஆடுகிறவரின் தலைக்குள் என்ன நடக்கிறது, பக்கத்தில் பையோடு நிற்கிற நாம் அதற்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். இதையும் சரியாகத்தான் எழுதுகிறேனா என்று கவலையாகத்தான் இருக்கிறது. நான் அப்படிப்பட்ட ஆள். கப்பல் ஒரு நாள் தாமதமானால் மூழ்கிவிட்டது என்று முடிவு கட்டுவேன். ஆனால் ஒன்று, கவலைப்படுகிறவனுக்கு அடுத்தவன் கவலை சீக்கிரம் கண்ணில் படும். முதலில் கழுத்தில் தெரியும். அப்புறம் மட்டையை இரண்டு தடவை மாற்றிப் பிடிப்பதில் தெரியும்.

எங்கள் நாலாவது குழிக்கு, கடல்தண்ணீர் உள்ளே ஏறி வருகிற ஒரு க்ரீக்கைத் தாண்டி அடிக்க வேண்டும். அகலம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் பந்தெல்லாம் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்பது கப்பலுக்கே தெரியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அந்த இடத்துக்கு வந்ததும் நல்ல பந்தைப் பைக்குள் போட்டுவிட்டு, வெட்டுப்பட்ட பழைய பந்து ஒன்றை எடுப்பார்கள். அதற்குப் பெயர் கடல் பந்து.

கடல் பந்துகள் பெயருக்கு ஏற்றபடி கடலுக்கே போய்க்கொண்டிருந்தன.

மரம் ஏலம் எடுக்கிற மெட்ராஸ் கான்ட்ராக்டர் ஒருவர் ஆட வருவார். உருண்டையான மனிதர், வாய் ஓயாது. ஒரு நாள் அவர் பையில் பழைய பந்தே இல்லை, எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. புதுப் பந்தை வைத்துக் கடலைத் திட்டினார், கப்பலைத் திட்டினார், என்னைத் திட்டினார், அடித்தார். பந்து பறவை மாதிரி தாண்டிப் போய் பிரவுன் பக்கத்தில் விழுந்தது.

"பாத்தியாடா சுப்பையா! கடவுள் இருக்காருடா!" என்று மட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்.

அன்றைக்கு அவரோடு ஆடினவர் ஆஸ்பத்திரி டாக்டர். தஞ்சாவூர்க்காரர். ஒல்லி, மூக்குக்கண்ணாடி, அதிகம் பேசமாட்டார். அவர் கடவுளை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஏன் சுப்பையா, பழைய பந்து மட்டும் ஏன் தண்ணிக்குள்ள போகுது?"

"அது தண்ணி குடிச்சிருக்கும் சார். கனம் ஜாஸ்தி."

"அப்படியா? சரி, ரெண்டு குடு."

புதிது ஒன்று, பழையது ஒன்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தார். மருந்து நிறுக்கிற தராசில் போட்டுப் பார்த்தாராம்.

"ரெண்டும் ஒரே எடை, சுப்பையா. தப்பு பந்துல இல்ல."

"பின்னே எங்க சார்?"

தலையைத் தட்டிக் காட்டினார். "பழசை எடுக்கறப்பவே இது போயிடும்னு முடிவு பண்ணிட்டு எடுக்கறோம். கை அந்த உத்தரவைத்தான் கேக்குது."

அவர் சொன்னதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்று இப்போது உங்களுக்குத் தோன்றும். எனக்கு வேறொன்றுதான் ஆச்சரியம். தெரிந்த விஷயம் என்று விடாமல், ஒரு பெரிய டாக்டர், விளையாட்டுப் பந்தைக் கொண்டுபோய் மருந்துத் தராசில் வைத்தாரே. அன்றையிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சிநேகம். யார் எப்போது பயப்படுகிறார், எந்தக் குழியில் எவருக்குக் கோபம் வருகிறது என்று நான் பார்த்துச் சொல்வேன், அவர் கேட்டுக்கொண்டே நடப்பார். "இதையே வேலையா வச்சுக்கோ" என்பார்.

அவருடைய சொந்தக் கையைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லட்டும் என்று இருந்தேன்.

விஷயம் இதுதான். தூரத்து அடியெல்லாம் அவருக்கு நன்றாக வரும். பிரவுனுக்கு வந்த பிறகு நீளமாக உருட்ட வேண்டியதும் நன்றாக வரும். பந்து குழிக்குப் பக்கத்தில் போய்விட்டால்தான் ஆபத்து. குழந்தைகூடத் தள்ளிவிடுகிற தூரம். அங்கே நின்றால் அவர் வலது கை, மட்டை பந்தைத் தொடுகிற அந்த நேரத்தில், தவளை மாதிரி ஒரு துள்ளு துள்ளும். பந்து குழியைத் தாண்டி ஓடும். திரும்பி வந்து அடித்தால் மறுபடியும் துள்ளும்.

எங்களோடு சாக்கு இழுக்கிற லச்மன் பாய் என்று ஒருவர் இருந்தார். கைதிகள் காலத்திலிருந்தே தீவில் இருக்கிற குடும்பம். இந்திதான் பேச்சு, எங்களுக்காகத் தமிழ் கலப்பார். அவர் என் காதில், "அரே சுப்பு பாய், இத்னா பாஸ், இவ்வளவு கிட்ட! என் பக்ரியைக் கூட்டி வந்தா அது மூக்கால தள்ளிடும்" என்றார்.

"சத்தம் போடாதே பாய், கேட்டுடும்."

கேட்டுவிட்டது. டாக்டர் திரும்பினார். "உங்க ஆட்டைக் கூட்டிட்டு வாங்க பாய், நானும் கத்துக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கழுத்து சிரிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மரத்தடியில் உட்கார்ந்து அவரே ஆரம்பித்தார். வீட்டில் கையை நீட்டி, புறங்கையில் காகிதத்தை வைத்துப் பார்த்திருக்கிறார், ஆடவில்லை. காபியை நிறுத்திப் பார்த்தார், கண்ணாடியை மாற்றினார், நாடி பார்த்தார். நரம்பில் கோளாறு ஒன்றும் இல்லை. "அப்போ ஏன் இங்க மட்டும்?" என்று என்னைப் பார்த்தார். வேறு யாராவது இப்படிக் கேட்டால் அழுகிற குரலில் கேட்பார்கள். அவர் கேட்டது பந்தைத் தராசில் வைத்த அதே குரலில்.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "அமைதிதான் சார் காரணம்."

எங்கும் உள்ள வழக்கம்தான். ஒருவர் குழிக்குத் தள்ள நிற்கும்போது மற்றவர்கள் மூச்சுக்கூட விடமாட்டார்கள். லச்மன் பாய் சாக்கோடு அப்படியே நின்றுவிடுவார். அத்தனை பேர் சும்மா நின்று பார்த்தால் யாருக்குத்தான் நடுங்காது?

"சோதிச்சுப் பாத்துடுவோம்" என்றார்.

மறுநாள் லச்மன் பாயைப் பாடச் சொன்னோம். மனிதருக்குப் பாட்டு வராது, கழுதைக்குத் தோழன். பாடினார். டாக்டர் சிரித்துக்கொண்டே தள்ளினார், உள்ளே போனது. இன்னொன்று, அதுவும் போனது. எனக்குத் தலை கால் புரியவில்லை. வீட்டில் போய் என் சம்சாரம் பார்வதியிடம், "டாக்டருக்கே வைத்தியம் பாத்துட்டேன்" என்று பீற்றிக்கொண்டேன். அதற்கு அடுத்த நாள் லச்மன் பாய் தொண்டை கிழியப் பாடியும் கை துள்ளியது. பாட்டு புதிதாக இருந்தவரைக்கும்தான் வேலை செய்தது. பழகிப்போனதும் பாட்டுக்கு நடுவிலேயே நடுங்கியது.

"தப்பு விடைன்னு தெரிஞ்சதும் ஒரு லாபம்தான்" என்றார் டாக்டர். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அடுத்த சோதனை அவருடையது. பிரவுனில் இருந்த குழிக்குள் மண்ணைப் போட்டு நிரப்பச் சொன்னார். மேலே மணலைப் பரப்பிச் சாக்கை இழுத்தோம், குழி இருந்த அடையாளமே இல்லை. இப்போது பந்தை அதே இடத்தில் வைத்து, அதே தூரம் உருட்டினார். கை அசையவில்லை. வெண்ணெய் மாதிரி போனது. மறுபடியும், மறுபடியும். பிறகு மண்ணைத் தோண்டி எடுத்தோம். குழி வாயைத் திறந்தது. தள்ளினார். துள்ளியது.

"மூடு!"

மூடினோம். நன்றாகப் போனது.

"திற!"

திறந்தோம். துள்ளியது.

லச்மன் பாய் மண்வெட்டியைக் கீழே போட்டு, "பஸ், டாக்டர் சாப், போதும். பூதம் இதுக்குள்ளதான் இருக்கு" என்று குழிக்குள் எட்டிப் பார்த்தார். அதற்குள் எங்கிருந்தோ ஒரு சங்கு நண்டு வந்து உள்ளே உட்கார்ந்திருந்தது. மூன்று பேரும் சிரித்தோம்.

டாக்டர் மணலில் முட்டி போட்டுக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குழி இருந்தா, போச்சா போகலையான்னு ஒரு தீர்ப்பு இருக்கு. தீர்ப்பு வரப்போகுதுன்னா நான் என் கையைப் பாக்க ஆரம்பிச்சுடறேன், சுப்பையா. பாத்தா நடுங்குது. வியாதி எங்கேன்னு கண்டுபிடிச்சாச்சு. மருந்துதான் தெரியல. குழியை மூடிட்டா அப்புறம் விளையாட்டு ஏது?"

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் கவலை பிடித்தவனுக்கு அடுத்த கேள்வி தானாக வந்து நாக்கில் நிற்கும்.

"ஆஸ்பத்திரியில, சார்?"

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். லச்மன் பாய் அடுத்த பிரவுனுக்குப் போகும் வரை காத்திருந்தார்.

"நடுங்கல" என்றார். "இதுவரைக்கும் நடுங்கல. ஆனா போன வாரம் ஒரு ஹெர்னியா. பாதியில, ஒரு நிமிஷம், என் கையை நான் திரும்பிப் பாத்தேன். அதுவரைக்கும் நான் பாத்ததே கிடையாது."

பிறகு சொன்னதெல்லாம் மெதுவாக வந்தது. இன்னொரு சர்ஜன் லீவில் மெயின்லேண்ட் போயிருக்கிறார், அவர் வரும்வரை தீவில் வயிற்றைத் திறக்கக்கூடியவர் இவர் ஒருவர்தான். கத்தியே தொடாத வேலை எதற்காவது மாற்றிக்கொண்டு போய்விடலாம் என்று பார்க்கிறார். அடுத்த கப்பலில் போய் நேரில் கேட்கப் போகிறார். அதுவரைக்கும் தள்ளிப் போடக்கூடிய கேஸ்களை எல்லாம் தள்ளிப் போடுகிறார். ஹேவ்லாக் தீவிலிருந்து படகில் வந்த ஒருவரைக்கூட, கொஞ்ச நாள் பொறுத்து வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார். அனுப்பின அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன் சார்" என்றேன். சொல்லவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. இந்தத் தீவில் இத்தனை ஜனம். இன்றைக்கு ஒருவருக்கு ஏதாவது ஒன்று என்றால்?

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு விஷயம். நடுவில் ஒரு நாள், அவர் குழிக்குப் பக்கத்தில் நிற்கும்போது, நல்லது செய்கிறேன் என்று நினைத்து, "இன்னிக்கு நடுங்காது சார்" என்றேன். அன்றைக்கு மாதிரி அது என்றைக்கும் துள்ளியதில்லை. "ஏம்பா அதை ஞாபகப்படுத்தினே? இன்னிக்குத்தான் மறந்திருந்தேன்" என்றார். கோபமில்லை, வருத்தம்தான். பை தூக்குகிறவன் வாயில் வருகிற ஆறுதலுக்கு எவ்வளவு பலம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தண்ணீரைத் தாண்டி அடிக்க நிற்கிறவரிடம், தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாதீங்க என்று சொன்னால், அவர் காதில் விழுவது தண்ணீர் என்கிற ஒரே சொல்தான்.

மழை பிடித்தது. ஆட்டம் கிடையாது. கப்பல் வரவில்லை. எனக்கு வயிற்று வலி வந்தது.

முதலில் நான் அதை லட்சியம் செய்யவில்லை. கவலைப்படுகிற ஆளுக்கு வயிறு வலிப்பது தினம் நடக்கிற காரியம். தொப்புளைச் சுற்றி வலித்தது, கப்பலை நினைத்துத்தான் என்று விட்டுவிட்டேன். காலையில் அது வலது பக்கம் கீழே இறங்கி, கத்தியால் குத்துகிற மாதிரி ஆனது. காலை நீட்ட முடியவில்லை. வாந்தி.

பார்வதி லச்மன் பாயைக் கூட்டி வந்தாள். அவர் என்னைப் பார்த்ததும் பேசாமல் ஓடிப்போய் கான்ட்ராக்டரின் ஜீப்பைக் கொண்டுவந்தார். கான்ட்ராக்டரே ஓட்டினார். பள்ளத்தில் இறங்கினபோது நான் கத்தினேன்.

"கத்துடா, நல்லா கத்து. கத்தறவன் சாகமாட்டான்" என்றார் அவர். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். என்ன பேசினார் என்று ஞாபகம் இல்லை, எனக்கு மனதில் ஒரே ஒரு படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. திறந்த குழி, அதற்குப் பக்கத்தில் துள்ளுகிற ஒரு கை.

டாக்டர் வந்து வயிற்றை அழுத்தினார். அழுத்தினபோது பொறுத்துக்கொண்டேன், சட்டென்று எடுத்தபோது உயிர் போயிற்று. அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. சிஸ்டரை வெளியே போகச் சொன்னார். பார்வதியை வராந்தாவில் உட்காரச் சொன்னார். நாற்காலியை இழுத்துப்போட்டு என் தலைப்பக்கம் உட்கார்ந்தார்.

"குடல்வால் அழுகுது, சுப்பையா. எடுக்கணும்."

நான் தலையை ஆட்டினேன்.

"கேளு. மருந்து குடுத்துக் கப்பலுக்குக் காத்திருக்கலாம்னு ஒரு வழி இருக்கு. உள்ளேயே வெடிச்சுதுன்னா கப்பலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். டாக்டரா நான் சொல்றது, இன்னிக்கே எடுக்கணும். ஆனா எடுக்கப் போறவன் நான். மத்தவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். அதனால உன்னைக் கேக்கறேன். இந்தக் கைக்குக் கீழ நீ படுப்பியா?"

தம்பிகளே, எத்தனையோ ஆட்டங்களில் கடைசிக் குழியில் மெம்பருக்கு என்ன சொல்லலாம் என்று நான் திணறியிருக்கிறேன். அன்று மாதிரித் திணறினது இல்லை. எனக்கு வலி, பயம், வெளியே பார்வதி. அவருக்கும் பயம், அவர் கழுத்தில் அது எனக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிகிறது என்று அவருக்கும் தெரிகிறது. உங்க மேல நம்பிக்கை இருக்கு சார், கை நடுங்காது சார் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். சொன்னால் அந்தக் கை எங்களோடு சேர்ந்து ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்து, எல்லோருக்கும் நடுவில் நிற்கும். சொல்லாமல் விட்டால் நான் மறுக்கிறேன் என்று ஆகிவிடும்.

"காலைல கொஞ்சம் கஞ்சி குடிச்சேன் சார்" என்றேன். "ஆபரேஷனுக்கு அது பரவாயில்லையா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"எப்போ குடிச்சே?"

"வெளிச்சம் வந்ததும் சார். பாதி வாந்தியில வந்துடுச்சு."

"எவ்வளவு? ஒரு டம்ளரா?"

"அரை டம்ளர் இருக்கும் சார்."

"மயக்க மருந்து வேண்டாம். முதுகுல ஊசி போட்டுடறேன். வயித்துல இருந்து கீழ மரத்துப் போகும், முழிச்சிருப்பே. பயப்படமாட்டியே?"

"பயப்படுவேன் சார்."

"அது எனக்குத் தெரியாதா" என்று எழுந்தார். கதவைத் திறந்தபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. சிஸ்டரைக் கூப்பிட்டு என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனார், சூடு தண்ணீர், நூல், விளக்கு என்று. எல்லாம் வேலை சம்பந்தமான பேச்சு.

தியேட்டரில் என் மார்புக்குக் குறுக்கே ஒரு துணியைக் கட்டினார்கள். அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் மேலே ஒரு பெரிய விளக்கு. அதன் பளபளப்பான விளிம்பில், சின்னதாக, வளைந்து, எல்லாம் தெரிந்தது. பச்சைத் துணி, அதற்கு நடுவில் கையுறை போட்ட இரண்டு கை.

அந்தக் கைகளை நான் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! எனக்கு வேலையே அதுதான். இங்கே அது துள்ளுமோ என்கிற பயம் இந்த ஊரில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. பார்க்கத்தான் ஆசை. வயிறு என்னுடையது இல்லையா? ஆனால் அவர் தலையை நிமிர்த்தி, நான் விளக்கைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டால்?

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

காது மட்டும் இருந்தது. தட்டில் இரும்பு வைக்கிற சத்தம். மழை. டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். மைதானத்தில் வாயே திறக்காத மனிதர்!

"சிஸ்டர், இந்தக் கத்தரி வெட்டுதா இல்ல கடிக்குதா? வேற குடுங்க."

"அது புதியதாணு டாக்டர்" என்றார் மலையாளத்து சிஸ்டர்.

"புதுசுன்னா கடிக்கலாமா? குடுங்க வேற. துணி. இன்னொரு துணி. எங்கே ஒளிஞ்சிருக்கான் பாருங்க, பின்னால போய்ச் சுருண்டு படுத்திருக்கான், சோம்பேறி. சுப்பையா, இருக்கியா?"

"இருக்கேன் சார்."

"உன் குடல்வால் உன்னை மாதிரியே பயந்தாங்கொள்ளிய்யா. மூலையில போய் ஒட்டிக்கிட்டிருக்கு. வா, வா, வெளிய வா... ம்."

அந்த "ம்"முக்குப் பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. மழையும் நின்ற மாதிரி இருந்தது எனக்கு. பிறகு, தட்டில் ஏதோ ஈரமாக விழுந்த சத்தம்.

"நூல்" என்றார்.

வார்டில் கிடந்தேன். பார்வதி பக்கத்திலேயே இருந்தாள். கான்ட்ராக்டர் ஒரு நாள் வந்து, "நான் சொன்னேன் பாத்தியா, கத்தறவன் சாகமாட்டான்" என்று இரண்டு இளநீர் வைத்துவிட்டுப் போனார். லச்மன் பாய் வந்து, மழையில் பிரவுனெல்லாம் கரைந்து ஓடிவிட்டது, திரும்பவும் மணல் சலிக்க வேண்டும் என்று புலம்பினார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஒரே ஒரு கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. கேட்கலாமா, கூடாதா என்று அதற்கு ஒரு கவலை. கப்பல் வந்துவிட்டதாகவும் சொன்னார்கள். டாக்டர் அதில் போகப் போகிறாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தையல் பிரிக்க வந்த அன்று, பக்கத்தில் யாரும் இல்லை. அவர் குனிந்து நூலை வெட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டேன்.

"சார்... அன்னிக்குக் கை நடுங்குச்சா?"

"கையா?" நிமிராமலே சொன்னார். "கையை யார் பாத்தா? உன் குடல்வால் எங்கேன்னு தேடறதுக்கே எனக்குக் கண் போதல. அது பின்னால போய்..."

நிறுத்தினார். கத்தரி கையிலேயே இருந்தது. மெதுவாகக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு பேஷன்ட் கட்டிலில் டாக்டர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நான் பாக்கல, சுப்பையா" என்றார். "பாக்கணும்னு தோணவே இல்ல." பந்தைத் தராசில் வைத்த அந்தக் குரல் மறுபடியும் வந்தது. "நீ? விளக்குல தெரியுமே, நீ பாத்திருப்பியே?"

"இல்ல சார். கண்ணை மூடிக்கிட்டேன்."

"நீயும் பாக்கல."

"பாக்கல சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கும் வந்தது, சிரித்தால் தையல் இழுத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் இதை மந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. மழை விட்டு, புது மணல் போட்டு, அவர் மறுபடியும் ஆட வந்தார். குழிக்குப் பக்கத்தில் அந்தக் கை அன்றும் துள்ளியது, அவர் அந்தத் தீவில் இருந்தவரைக்கும் துள்ளியது. "இங்க தேட ஒண்ணும் இல்லையே சுப்பையா, கண்ணு சும்மா இருக்கு, கையைப் பாக்குது" என்பார். அதற்கு வைத்தியம் அவருக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்.

ஆனால் அன்று வார்டில், சிரித்து முடித்த பிறகு, எனக்கு உடனே அடுத்த கவலை வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேர் பார்க்காவிட்டால் என்ன? கூட நின்ற சிஸ்டர் பார்த்திருப்பாரே! டாக்டருக்கும் அதே நினைப்பு வந்தது என்று எனக்குத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர்!"

சிஸ்டர் மருந்துத் தட்டோடு வந்து நின்றார். கையைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நாளைக்கு ஆபரேஷனுக்கு யாரை வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் டாக்டர்.